யார் வீட்டுப் புல்?

ஒரு தாமானில் எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நில அலுவலகத்தில் வரிசை பிடிக்க வேண்டியதில்லை. அக்டோபர் மழை பிடித்த பிறகு ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்து போனால் போதும், புல்லே சொல்லிவிடும். மாநகர் மன்றத்தின் குத்தகைக்காரர் வெட்டும் பகுதி கணுக்கால் உயரத்தில் இருக்கும். கொண்டோ நிர்வாகத்தின் பகுதி ஒட்ட வெட்டி, ஓரமெல்லாம் நூல் பிடித்த மாதிரி இருக்கும். இரண்டுக்கும் நடுவில், பெரும்பாலும் லொங்கான் ஓரமாக, ஒரு மீட்டர் அகலத்துக்கு லாலாங் இடுப்பளவு வளர்ந்து நிற்கும். அது யாருடையது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையில் கை நீட்டுவார்கள். பினாங்கில் புதிதாக எழுந்த தாமான்களிலும் கொண்டோக்களிலும் புல் வெட்டி, செடி வைத்து, மரம் கழித்துப் பிழைக்கிறவன் நான். அந்த ஒரு மீட்டரில் பாம்பு கண்டாலும் கொசு மொய்த்தாலும் கடைசியில் என் கைத்தொலைபேசிதான் அடிக்கும்.

அப்பா பார்த்ததும் இதே வேலைதான். ஆனால் அவருக்கு ஒரே முதலாளி, ஜார்ஜ் டவுன் நகராண்மை. அவர் சேர்ந்த காலத்தில் நகராண்மைக்குத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. மலாயாவில் அப்படி ஒரு தேர்தல் முதலில் நடந்ததே இந்த ஊரில்தான், 1951 டிசம்பரில். 1957 ஜனவரி 1ஆம் தேதி மாநகரத் தகுதி கிடைத்தபோது முதல் மேயராக உட்கார்ந்தவர் டி.எஸ்.ராமநாதன். பாடாங்கில் புல் கருகிக் கிடந்தால் கோப்பிக் கடையில் கவுன்சிலரை மடக்கிக் கேட்பார்களாம். கேட்டது மறுநாள் காலை மேஸ்திரி வாய்வழியாக அப்பா காதுக்கு வந்துவிடும், கொஞ்சம் காரம் சேர்ந்து. 1965இல் உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தார்கள். 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அந்தக் கதவை அடைத்தே விட்டது. மறுபடி திறக்க முடியுமா என்று பினாங்கு மாநில அரசு நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளிவிட்டது.

‘பொது இடமென்றால் மன்றம்தான் பார்க்க வேண்டும்’ என்று யாராவது அடித்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களை நாம் வாக்குப் போட்டு அனுப்பவில்லை. இன்றைக்குப் பினாங்குக்காரன் தன் வாசலுக்கு வெளியே இருக்கிற புல்லுக்காக வருடா வருடம் வாக்குப் போடுகிற ஒரே இடம் கொண்டோவின் ஆண்டுக் கூட்டம்தான். அங்கும் பாதிப் பேர் வருவதில்லை.

இந்தச் சின்னத் தீவில் பச்சைக்கு எத்தனை எஜமானர்கள் என்று நினைத்தால் சிரிப்பு வரும். தண்ணீர்மலைக்குப் பக்கத்தில், 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் அமைத்த பூமலை தாவரவியல் தோட்டம் மாநில அரசுடையது. அதிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிற இளைஞர் பூங்கா மாநகர் மன்றத்துடையது. கொடிமலை உச்சிக்குத் தனிக் கழகம். தெலுக் பாஹாங்கில் 2003இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா கூட்டரசுடையது. இவற்றில் எதிலும் ‘யாருடையது’ என்ற சண்டை வந்து நான் கேட்டதில்லை. சண்டையெல்லாம் கால் ஏக்கர், அரை ஏக்கர் நிலத்துக்குத்தான்.

பழைய தாமான்களில் குழப்பம் குறைவு. ஐலண்ட் கிளேட்ஸ், பாயான் பாரு மாதிரி இடங்களில் வீடுகளுக்கு நடுவே ஒரு பாடாங், நாலு ஊஞ்சல், ஓரத்தில் நிழல் மரங்கள். டெவலப்பர் வீடு கட்டி விற்கும்போது நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் திறந்த வெளியாக ஒதுக்கி அரசிடம் ஒப்படைப்பார், மன்றம் பார்த்துக்கொள்ளும், வீட்டுக்காரர் ஆண்டுக்கு இரண்டு முறை சுக்காய் பிந்து கட்டுவார். கணக்கு முடிந்தது.

2007இல் அடுக்குமாடிகளுக்கான ஸ்ட்ராட்டா சட்டத்தைத் திருத்தி, தரை வீடுகளையும் அதன் கீழ் கொண்டுவர வழி செய்தார்கள். அதன் பிறகு சுற்றிலும் மதில், வாசலில் ஜாகா, உள்ளே இருக்கிற சாலை, பூங்கா, விளையாட்டுத் திடல், விளக்குக் கம்பம் எல்லாமே வீட்டுக்காரர்களின் கூட்டுச் சொத்து என்கிற தாமான்கள் வர ஆரம்பித்தன. இவற்றை ஆள்வது 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம். அது மற்ற மாநிலங்களில் 2015 ஜூன் 1ஆம் தேதியும் பினாங்கில் ஜூன் 12ஆம் தேதியும் நடைமுறைக்கு வந்தது. முதலில் டெவலப்பரின் ஆட்சி, பிறகு வாங்கியவர்களும் டெவலப்பரும் சேர்ந்த கூட்டு நிர்வாகக் குழு, பட்டா பிரிந்த பிறகு நிர்வாகக் கழகம். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம், அதற்கு மேல் அதன் பத்து விழுக்காடு தனியாகச் சிங்கிங் ஃபண்டுக்கு.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. சாலையும் பூங்காவும் மன்றத்துடையவை, தடுப்புக் கம்பியும் ஜாகாவும் மட்டும் குடியிருப்பாளர் சங்கத்தின் ஏற்பாடு. அங்கே கட்டணம் கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வாசலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், அதே வெள்ளைச் சிவப்புக் கம்பி, அதே நேப்பாளி ஜாகா. இது எந்த வகை என்று விசாரிக்காமல் வேலைக்கு விலை சொல்கிற குத்தகைக்காரன், ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க மனைவியின் நகையை அடகுக் கடைக்கு எடுத்துப் போவான்.

ஸ்ட்ராட்டா தாமானில் குடியிருப்பவரின் ஆதங்கம் நியாயமானது. சுக்காய் பிந்துவும் கட்டுகிறோம், பராமரிப்புக் கட்டணமும் கட்டுகிறோம், பிறகு மன்றத்தின் புல் வெட்டும் லாரி ஏன் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது என்று கேட்கிறார்கள். கூட்டுச் சொத்து தனியார் நிலம், அதில் மன்றம் காசு செலவழிக்க முடியாது என்பது சட்டப்படி சரியான பதில். அந்தப் பதிலால் யாரும் சமாதானமாகி நான் பார்த்ததில்லை.

இனி, அந்தப் பூங்கா எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். வீடு விற்கும் விளம்பரப் படத்தில் மரங்களுக்கெல்லாம் முப்பது வயது இருக்கும். உண்மையில் நாங்கள் உள்ளே நுழைவது சாவி கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், பெயின்ட்காரனும் குழாய்காரனும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போது. புல்தரை போடுவதற்கு முன் சங்குலால் ஓர் இடத்தில் கொத்திப் பாருங்கள். மேலே நாலு விரல் தடிமனுக்குச் செம்மண். அதற்குக் கீழே உடைந்த டைல்ஸ், சிமென்ட் மூட்டையின் காகிதம், கான்கிரீட் துண்டு, கம்பி கட்டும் ஆள் குடித்துப் போட்ட பானத் தகரம். அதற்கும் கீழே, லாரிகளும் எஸ்கவேட்டரும் ஏறி இறங்கி இறுகிப்போன களிமண். மழை பெய்தால் தண்ணீர் இறங்காது, வெயில் அடித்தால் வெடிக்கும். அதன்மேல் மாட்டுப்புல் பத்தைகளை விரித்து, உருளை விட்டு அழுத்தி, தண்ணீர் பாய்ச்சினால் மூன்று வாரத்தில் பச்சைப் பசேலென்று ஆகிவிடும். பார்வையிட வருகிற அதிகாரிக்கும், சாவி வாங்க வருகிற குடும்பத்துக்கும் அது போதும்.

மரங்கள் இன்னும் மோசம். நாற்றங்காலில் வளர்த்த மரத்தின் வேர்ப்பந்தைச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டிக் கொண்டுவருவார்கள். அவசரத்தில் சாக்கோடும் கயிறோடும் குழியில் இறக்கி மண்ணை மூடிவிடுகிற ஆட்கள் உண்டு. கயிறு நைலானாக இருந்தால் மக்காது. மரம் பருக்கப் பருக்க அது வேரின் கழுத்தை நெரிக்கும். அந்த மரம் முதல் ஆண்டு தளிர்க்கும், இரண்டாம் ஆண்டு பூக்கக்கூடச் செய்யும். வீட்டில் குறைபாடு இருந்தால் டெவலப்பர் சரிசெய்து தரவேண்டிய காலம் இருபத்து நான்கு மாதம். மரத்தின் குறைபாடு ஐந்தாம் ஆண்டு, எட்டாம் ஆண்டில், ஒரு புயல் இரவில்தான் வெளியே வரும். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பெய்த மழையும் அடித்த காற்றும் பினாங்குக்காரர்கள் யாருக்கும் மறந்திருக்காது. தீவு முழுக்க வெள்ளம், சாலை சாலையாக மரங்கள். அதற்குப் பிறகு நாங்கள் அறுத்து அகற்றிய இளமரங்கள் பலவற்றின் அடியில் வேர் பரவவேயில்லை. பந்து பந்தாகவே, நட்ட அன்றைக்கு இருந்த அளவிலேயே இருந்தது.

நிர்வாகக் குழுவின் கைக்கு வரும்போது பூங்காவுக்கு நேர்வது வேறு. கட்டணம் கட்டாதவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். சட்டத்தில் அதற்கு வழியும் இருக்கிறது: நோட்டீஸ் கொடுக்கலாம், வட்டி போடலாம், பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம், நடுவர் மன்றத்துக்குப் போகலாம். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைப் பலகையில் ஒட்டிவிட்டு மறுநாள் அவரோடு லிப்டில் நிற்க எல்லோராலும் முடியாது. ஆகவே வரவு குறையும், செலவில் கை வைப்பார்கள். லிப்டில் கை வைக்க முடியாது. ஜாகாவைக் குறைத்தால் பெண்கள் சண்டைக்கு வருவார்கள். நீச்சல் குளத்துத் தண்ணீர் பச்சையானால் வாடகைக்கு இருப்பவர்கள் காலி செய்வார்கள். மிச்சம் இருப்பது தோட்டம். மாதம் இரண்டு வெட்டு ஒன்றாகும். உரம் நிற்கும். பிறகு மூன்று விலைப்பட்டியல் வாங்கி, ஆகக் குறைந்ததற்கு வேலையைக் கொடுப்பார்கள்.

ஆகக் குறைந்த விலைக்கு வேலை செய்ய ஒரே வழிதான் உண்டு, மருந்து அடிப்பது. ஓரப்புல்லை மெஷினால் வெட்ட ஒரு ஆளுக்கு அரை நாள் பிடிக்கும், மருந்து அடித்தால் அரை மணி. என் சித்தி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மருந்து அடித்தவர். முதுகில் டாங்கி, காலில் ஜப்பான் சிலிப்பர், முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. நகம் கறுத்து உதிரும், மூக்கில் ரத்தம் வரும். தோட்டத்துப் பெண்களின் இந்தக் கதையைத் தெனாகனித்தா என்ற அமைப்பும் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிமருந்து எதிர்ப்பு இயக்கமும் ஆண்டுக்கணக்கில் பேசின. பாராகுவாட் என்கிற களைக்கொல்லியை 2002இல் தடை செய்வதாக அறிவித்து, 2006இல் தளர்த்தி, ஒருவழியாக 2020 ஜனவரி 1ஆம் தேதி முழுத்தடை வந்தது. சித்தி அதைப் பார்க்க இல்லை. தடை வந்த பிறகும் வேறு மருந்துகள் இருக்கின்றன. குழந்தைகள் உருண்டு புரளும் புல்லின் ஓரத்தில் எதை அடிக்கிறோம் என்று கேட்ட நிர்வாகக் குழுத் தலைவர்கள் மிகக் குறைவு. கேட்டவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆசிரியைகள். அவர்களுக்குச் சட்டம் ஒரு கெடுதல் செய்கிறது: தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் அந்தப் பதவியில் இருக்க முடியாது. கொள்ளையடிக்கிறவனைத் தடுக்கப் போட்ட விதி, தோட்டம் தெரிந்த அம்மாவையும் இரண்டு ஆண்டில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அடுத்து வருகிறவருக்கு முந்தியவர் வைத்த செடியெல்லாம் வேண்டாத செலவு.

குளத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் ஆட்கள் என்னை விடமாட்டார்கள். இப்போது பெரிய தாமான் எதுவானாலும் மழைநீரை உடனே ஆற்றில் தள்ளாமல் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கத் தேக்கக் குளம் வெட்ட வேண்டும். 2001 முதல் நடைமுறையில் இருக்கும் ‘மஸ்மா’ வடிகால் கையேடு அப்படிச் சொல்கிறது. நல்ல யோசனைதான். மேலே சொன்ன 2017 வெள்ளத்தைப் பார்த்தவன் அதைக் குறை சொல்லமாட்டான். ஆனால் குளம் என்பது குழி மட்டுமில்லை. அதற்குள் வருகிற வாய், வெளியே போகிற வாய், குப்பை தடுக்கும் கம்பிவலை, அடியில் சேரும் வண்டல், கரையில் புல், சுற்றி வேலி எல்லாம் உண்டு. வண்டலை வாராமல் விட்டால் குளத்தின் கொள்ளளவு வருடா வருடம் குறையும். கம்பிவலையில் பிளாஸ்டிக் அடைத்தால் தண்ணீர் நிற்கும், நின்றால் கொசு.

எனக்கு வேலை இருந்த ஒரு தாமானில் குளத்தோரம் டெங்கி வந்தது. கரையில் அழகுக்காக வைத்திருந்த அன்னாசி இனச் செடிகளின் இலைக்கிண்ணங்களில் தண்ணீர். ஒன்றைச் சாய்த்துக் கையில் ஊற்றிப் பார்த்தேன், நுனிவிரல் நகம் அளவுத் தண்ணீரில் நாலைந்து புழுக்கள் தலைகீழாகத் தொங்கித் துடித்தன. நோய்க்கிருமி பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் 1975இன்படி அபராதம் போட அதிகாரி ஒருவர் வந்தார், ரொம்பக் கண்ணியமான மனிதர். யார் பெயரில் எழுதுவது என்று கேட்டார். நிர்வாகக் குழு, இது ஒப்படைத்த நிலம், வரைபடத்தைப் பாருங்கள் என்றது. டெவலப்பரின் ஆள், கடிதம் கொடுத்தாகிவிட்டது என்றார். கடிதம் வாங்கிய அலுவலகம், வாங்கினோம், ஏற்கவில்லை, வண்டலை வாரிக் கொடுத்தால் ஏற்போம் என்றது. இன்னொரு அலுவலகம் குளம் தன் பதிவேட்டிலேயே இல்லை என்றது. யாரும் பொய் சொல்லவில்லை. அதிகாரி பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அந்தச் செடிகளைப் பிடுங்கி லாரியில் ஏற்றினேன். பணம் யாரும் தரவில்லை, நானும் பில் அனுப்பவில்லை. யாருக்கு அனுப்புவது?

குளத்தைவிடப் பயமானது சரிவு. பினாங்கில் 76 மீட்டருக்கு, பழைய கணக்கில் 250 அடிக்கு, மேலே இருக்கிற நிலம் மலைநிலம், அங்கே கட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. அதற்குக் கீழேயும் சரிவுகள் இருக்கின்றன. வரைபடத்தில் அவையும் பச்சை நிறத்தில்தான் இருக்கும். வீடு கட்ட முடியாத கோணலான மூலை, சாய்வான விளிம்பு, லொங்கான் ஓரம், இவற்றையெல்லாம் பச்சை பூசிப் ‘பசுமைப் பரப்பு’ என்று காட்டும் வரைபடங்களை நான் நிறையக் கையில் பிடித்திருக்கிறேன். அந்தச் சரிவின் தலையில் ஓடும் வடிகாலில் இலை அடைத்தால் தண்ணீர் வழிந்து மண்ணுக்குள் இறங்கும். தோட்டக்காரனுக்கு அது இலை அள்ளும் வேலை, கீழே இருக்கிறவனுக்கு உயிர்.

1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். பின்னால் இருந்த சரிவும், அதன் வடிகாலும், தாங்கு சுவரும் பல கைகளில் இருந்தன. உயர் நீதிமன்றம் 2000இல் டெவலப்பர், பக்கத்து நிலக்காரர் என்று பலரைப் பொறுப்பாளியாக்கியது. உள்ளாட்சி மன்றம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2006இல் கூட்டரசு நீதிமன்றம் முடித்துவைத்தது. தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆம் பிரிவு மன்றத்துக்குத் தரும் பாதுகாப்பு அந்தத் தீர்ப்பில் முக்கியமானது. ‘பார்த்தாயா, மன்றத்திடம் கொடுத்தால் கேட்க ஆளில்லை’ என்று இதைக் காட்டி என்னோடு வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் அடுத்தவன் நிலத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டுப் பார்வையிடுகிறவன் வேறு, நிலத்துக்கே சொந்தக்காரன் வேறு என்பது எனக்குத் தெரியும். சரிவு மன்றத்தின் பெயரில் இருந்தால் அதன் பதிவேட்டில் ஒரு வரி இருக்கும், ஆண்டு வரவுசெலவில் ஒரு தொகை இருக்கும், வருடத்துக்கு ஒரு முறையாவது ஒரு பொறியாளர் ஏறிப் பார்ப்பார். நாற்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்த ஒரு குழுவிடம் இந்த மூன்றையும் எதிர்பார்க்க முடியாது.

நிலம் யார் பெயரில் இருந்தாலும் மன்றத்தைக் கேட்க வேண்டும் என்று மரத்துக்கு ஏற்கனவே ஒரு சட்டம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1976இன்படி, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை எழுத்துமூல அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது, சொந்த நிலத்தில் நின்றாலும்தான். நான் எப்போதும் சட்டைப்பையில் ஒரு அளவுநாடா வைத்திருக்கிறேன். ஒரு கொண்டோவின் மூலையில் அரசமரம் ஒன்று. கட்டுமானத்தின்போதே அதை வெட்ட ஆட்கள் மறுத்துவிட்டார்களாம். அடியில் சிவப்பு வர்ணமடித்த டத்தோ கோங் மாடம், அதை ஒட்டி நம்மவர்கள் நட்ட சூலம், மஞ்சள் துணி, முனீஸ்வரர். வேரில் பாதி கூட்டுச் சொத்தில், பாதி சாலையோரத்தில். ஒரு பெரிய கிளை விளையாட்டுத் திடலின் மேல் சாய்ந்துவிட்டது.

தலைவர் வயதான சீனர், என்னை “ஆனே” என்றுதான் கூப்பிடுவார். “ஆனே, வெட்டிவிடு, நான் பார்க்கவில்லை” என்றார். நாடாவைச் சுற்றிக் காட்டினேன், மூன்று மீட்டருக்கு மேல். அனுமதி கேட்டு எழுதினோம், கிளையின் பாரத்தை மட்டும் குறைக்கலாம் என்று வந்தது. அடுத்த சிக்கல் செலவு. கிளை தொங்குவது எங்கள் பக்கம், ஆனால் அடிமரம் முழுக்க எங்கள் எல்லையில் இல்லை, இந்தச் செலவைக் கணக்குத் தணிக்கையில் எப்படிக் காட்டுவது என்று பொருளாளர் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் காசு கொடுத்தது முனீஸ்வரர் உண்டியல். வேலையன்று பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்ட பிறகுதான் என் ஆட்கள் ஏணி சாய்த்தார்கள், வங்காளதேசத் தம்பி உட்பட.

மேய்ச்சல் நிலம் இருந்த காலத்தில் இந்தப் பேச்சே இல்லை என்பார்கள் பெரியவர்கள். குளுகோரில் கம்போங் புவா பாலாவில் நம் மக்கள் மாடு வளர்த்தார்கள், அங்கே புல்லை மாடே பார்த்துக்கொண்டது. 2009இல் அந்த வீடுகளை இடித்தார்கள், அடுக்குமாடிக்காக.

இத்தனை நாள் வேலையில் எனக்குத் தோன்றுவது இதுதான். தாமானின் பச்சையை மொத்தமாக ஒருவரிடம் கொடு என்று கேட்பதே தப்பு. எது மூன்று வாரத்தில் திரும்ப வளருமோ அதைக் குடியிருப்பவர்கள் கையில் விடலாம். புல், வேலிச்செடி, பூச்செடி, கறிவேப்பிலையும் முருங்கையும் வைத்துக்கொள்ள ஒரு மூலை, இவற்றில் ஒரு குழு தவறு செய்தால் அடுத்த குழு திருத்திக்கொள்ளும். குத்தகைக்காரன் சரியில்லையென்றால் மாற்றிக்கொள்ளும், என்னையே மாற்றியிருக்கிறார்கள். எது ஒரு குழுவின் ஆயுளைத் தாண்டி நிற்குமோ, கெட்டால் ஆள் சாகுமோ, அது மன்றத்தின் பெயரில் இருக்க வேண்டும்: பெரிய மரம், குளம், சரிவு, அவற்றுக்குப் போகிற பாதை. மதிலுக்குள்ளே இருந்தாலும் அப்படித்தான். கதவைத் திறந்துவிட ஜாகா இருக்கிறார். செலவுக்கு, சாவி கொடுக்கும் முன்பே டெவலப்பரிடம் வைப்புத்தொகை வாங்கி வைக்கலாம். புல்லை மக்களே வெட்டிக்கொள்ளும் இடத்தில் சுக்காய் பிந்துவில் கொஞ்சம் கழித்துக் கொடுத்தால் இரட்டை வரி என்ற முணுமுணுப்பும் அடங்கும்.

அரசு அலுவலகம் மெதுவாகத்தான் நகரும், தெரியும். ஆனால் முழுக்கத் தனியாரிடம் விட்ட ஊர்களும் சுகமாக இல்லை. இங்கிலாந்தில் புதுக் குடியிருப்புகளின் சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சி ஏற்காமல் விடுவது வழக்கமாகிவிட்டது. பதினொரு பெரிய நிறுவனங்கள் 2021-22இல் அங்கே விற்ற புது வீடுகளில் 80 விழுக்காட்டுக்கு இப்படித் தனிப் பராமரிப்புக் கட்டணம் உண்டு என்று அவர்களுடைய சந்தைப் போட்டி ஆணையம் 2024இல் சொன்னது. நம் ஊரிலாவது நிர்வாகக் குழுவை வாக்குப் போட்டு மாற்றலாம், அங்கே பல இடங்களில் அதுவும் இல்லை. சென்னையில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து விழுக்காட்டைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். பத்திரம் என்று ஒன்று இருப்பதால் நிலம் யாருடையது என்றாவது சந்தேகமில்லை. சிங்கப்பூரின் வீடமைப்புப் பேட்டைகளில் நகர மன்றத்தை நடத்துவது நாடாளுமன்ற உறுப்பினர். புல் வளர்ந்துவிட்டால் யாரைத் திட்டுவது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்பா காலத்து ஜார்ஜ் டவுனும் அப்படித்தான் இருந்தது.

போன மாதம் ஒரு புதுத் தாமானுக்கு விலை கேட்டு நிலவடிவமைப்புப் படம் வந்தது. வரைந்தது நம் பெண், படித்து முடித்து வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. “இதில் எதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு கட்டம் போட்டுக் கொடும்மா” என்றேன். “அங்கிள், அப்படி யாரும் கேட்டதே இல்லையே” என்றாள், ஆனால் போட்டாள். புல், நிர்வாகம். வேலிச்செடி, நிர்வாகம். விளையாட்டுச் சாமான், நிர்வாகம். மரங்கள், இருபத்து நான்கு மாதம் டெவலப்பர், பிறகு மன்றம். சரிவு, மன்றம், பேச்சு நடக்கிறது. குளத்துக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. அந்தக் கட்டத்தையே எடுத்துவிடு, வாங்குகிறவர்கள் பார்த்தால் கேள்வி கேட்பார்கள் என்று அவள் மேலதிகாரி சொன்னாராம். விற்பனைப் படத்தில் எடுத்துவிட்டு, குத்தகைக்காரர்களுக்கு அனுப்பிய படத்தில் விட்டுவைத்திருக்கிறாள். ஐந்து வரிக்கு விலை எழுதி அனுப்பியிருக்கிறேன். ஆறாவதுக்குப் பில் எந்த விலாசத்துக்கு என்று எழுதித் தந்தால் விலை தருவதாகக் கீழே குறிப்பும் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, பெருநாள் விடுமுறை.